பங்குனி ஆமைக்குக் காவல் போன மலைக்காரி

பெரியம்மாளுக்கு மனிதர்களில் பிடித்தவர்கள் கம்மி. கல்வராயன் மலையில், கரியாலூருக்கு மேலே ஆறு கிலோமீட்டர் நடந்தால் வரும் முப்பது வீட்டு ஊரில் அவளுடைய மூக்குச் சுளிப்புக்குத் தப்பியவர் யாருமில்லை, கட்டிய கணவன் பூமாலை உட்பட. யாராவது பெருமை பேச ஆரம்பித்தால் அவள் பதில் சொல்லமாட்டாள். கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். இதற்கு நாலு வசவு வாங்கியிருக்கலாமே என்று பேசியவருக்குத் தோன்றிவிடும்.

அவளைப் புரிந்துகொள்ளாமலே வேலைக்குக் கூப்பிட்டவர் சுப்புராயன். மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் ஜவ்வரிசி மில் வைத்திருந்தவர். மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கில் பெரும்பங்கு அவர் மில்லுக்குத்தான் இறங்கும். பெரியம்மாள் அங்கே மூன்று வருஷம் கிழங்குக்குத் தோல் சீவியிருக்கிறாள். வாய் திறக்காமல் வேலை செய்கிறவள் என்று அங்கே அவளுக்குப் பெயர். அந்த வாய் ஏன் திறக்கவில்லை என்று முதலாளி ஒருநாளும் யோசித்ததில்லை.

சுப்புராயனுக்கு மரக்காணத்துக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டி ஒரு கெஸ்ட் ஹவுஸும் இருந்தது. அப்போது கல்வராயன் மலையும் அந்தக் கடற்கரையும் ஒரே விழுப்புரம் மாவட்டம். ஒரு மாசி மாதத்தில் கெஸ்ட் ஹவுஸுக்கு எதிரே மணலில், மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்கிற கடலாமை ஒன்று முட்டையிட்டுவிட்டுப் போயிற்று. அங்கே தங்கியிருந்த யாரோ படமெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்ப, 'ஆமையைக் காத்த தொழிலதிபர்' என்று சுப்புராயனின் முகம் செய்தியில் வந்தது. ஆமை முட்டையிட்ட நேரத்தில் அவர் கச்சிராயபாளையத்தில் ஏசி அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அதனால் என்ன? படம் நன்றாக விழுந்திருந்தது. மறுமாதமே 'சுப்புராயன் கடல்வாழ் உயிரின அறக்கட்டளை' பிறந்துவிட்டது.

முதலில் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்த மீனவர் இரண்டு பேரைக் காவலுக்கு வைத்தார். அவர்கள் மூன்றாம் நாளே, "மொதலாளி, உங்க கெஸ்ட் ஹவுஸ் லைட்டு ராத்திரி பூரா கடலப் பாத்து எரியுதே, ஆம எப்டிங்க கரைக்கு வரும்?" என்று கேட்டுவிட்டார்கள். அவர்களை அனுப்பிவிட்டு, "மலைக்காரங்கதான் லாயக்கு. சொன்னதச் செய்வாங்க, கேள்வி கேக்க மாட்டாங்க" என்று சொல்லி மலைக்கு ஜீப் அனுப்பினார்.

அந்த ஊரில் யாரும் கிளம்பவில்லை. பெரியம்மாளும் கிளம்பியிருக்கமாட்டாள். ஆனால் பூமாலை, "இவளா? கடலப் பாத்தா அலறிக்கினு ஓடியாந்துடுவா" என்று நாலு பேர் முன்னால் சிரித்தான். அவள் உள்ளே போய் இரண்டு புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது. 2012ஆம் வருஷம், தை மாதம்.

கடல் அவளை அசத்தவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இம்மாந் தண்ணி, ஒரு வாய் குடிக்க ஆவாது. இதப் பாக்கவா கார் வச்சிக்கினு வராங்க?" என்றாள்.

சூப்பர்வைசர் லூர்துராஜுக்கு அது பிடிக்கவில்லை. அவன் நைனார்பாளையத்துக்காரன். கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவனை, கேமரா சொந்தமாக இருக்கிறது என்ற ஒரே தகுதிக்காக சுப்புராயன் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆமையைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது, அது மெதுவாக நடக்கும் என்பது மட்டும்தான்.

வேலை இதுதான். விடிவதற்கு முன்னால் கரையோரம் நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆமை ஏறி வந்த தடம் தெரிந்தால் அதைப் பிடித்துப் போய் முட்டைக் குழியைக் கண்டுபிடிக்க வேண்டும். நாயும் நரியும் தோண்டுமுன் முட்டைகளை எடுத்துவந்து, வலை கட்டிய பொரிப்பகத்தில் புதிதாகக் குழி பறித்து வைக்க வேண்டும். நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் குஞ்சு வெளியே வரும். வந்ததும் கடலில் விட வேண்டும்.

தடம் பார்ப்பது பெரியம்மாளுக்குப் பெரிய விஷயமில்லை. காட்டுப்பன்றி எந்தப் பக்கம் போனது, எப்போது போனது என்று ஈர மண்ணைப் பார்த்துச் சொல்லிப் பழகியவள். தரைக்குள் கிடக்கும் காட்டு வள்ளிக்கிழங்கைக் குச்சியால் குத்திக் குத்திக் கண்டுபிடித்த கை அது. ஆமை பரப்பி வைத்துவிட்டுப் போன மணலில் மெல்லக் குச்சியை அழுத்துவாள். மற்ற இடமெல்லாம் தடுக்க, ஓரிடத்தில் மட்டும் குச்சி பொதுக்கென்று இறங்கும். அங்கே கையால் பறிப்பாள். முழங்கை ஆழத்தில் முட்டை இருக்கும்.

இரண்டாவது வாரத்தில் ஆமையையே பார்த்துவிட்டாள். கிழக்கு வெளுத்த பிறகும் கரையில் இருந்த ஒன்று. அப்பளப் பலகை அகலத்துக்கு முதுகு, அதன்மேல் மணல், கண்ணிலிருந்து கோழையாக நீர் வடிந்துகொண்டிருந்தது. குழியை மூடி, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு மணலை இறுக்கிவிட்டு, எதிரே நின்றவளை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் கடலுக்குத் திரும்பிற்று. பெரியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"பெத்துப் போட்டுட்டுப் போய்க்கினே இரு. காவலுக்கு நான் இருக்கேன், உன் ஊட்டு வேலக்காரி" என்றாள்.

சொன்னாளே தவிர, அன்று முழுக்க அவளுக்கு அந்த முகம் மறக்கவில்லை. யாரையும் லட்சியம் செய்யாத அந்த நடை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

அந்தக் குழியின் முட்டைகள்தான் வீணாயின. நூற்றுப் பதினாலு முட்டை. லூர்துராஜ் பக்கெட்டில் உருளைக்கிழங்கைக் கொட்டுவதுபோல் கொட்டி, மொபெட்டில் மாட்டி, நடுவில் டீக்கடையில் நிறுத்திக் குடித்துவிட்டு, உச்சி வெயிலில் கொண்டுபோய்ப் புதைத்தான். பெரியம்மாள் கூடவே நடந்து வந்து குழி பறித்துக் கொடுத்தாள். அறுபது நாள் ஆகியும் மணல் அசையவில்லை. தோண்டிப் பார்த்தபோது எல்லாம் அழுகிக் கிடந்தன.

அந்தப் பக்கமாக மீன்கூடையோடு வந்த பச்சையம்மாள் நின்று எட்டிப் பார்த்தாள். குப்பத்தில் மீன் விற்பவள், பெரியம்மாள் வயதுதான் இருக்கும்.

"முட்டைய உருட்டிக் குலுக்கி எடுத்தாந்தா குஞ்சு எங்க இருக்கும்? எந்தப் பக்கம் மேல இருந்துச்சோ அந்தப் பக்கமே மேல இருக்கணும். வெயில் ஏறங்காட்டியும் வச்சி மூடணும். இது தெரியாமதான் காவலுக்கு வந்தியா?"

"உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"நாங்க முட்டைய எடுத்துத் துன்னவங்க. எடுக்கத் தெரியாம எப்டித் துன்றது?"

பெரியம்மாள் தலை குனிந்தது அந்த ஒரு முறைதான். மலையில் முளைவிட்ட கிழங்கைக்கூடத் தலைகீழாக நட மாட்டார்கள். அது தெரிந்தும் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நடந்து வந்திருக்கிறாள். ஊரையே இளக்காரமாகப் பார்த்த கண்ணால் அன்று தன்னையே பார்த்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து பக்கெட்டை லூர்துராஜைத் தொடவிடவில்லை. ஈரமணல் பரப்பிய கூடையில் ஒவ்வொரு முட்டையாக அடுக்கி, தலையில் வைத்து நடந்தே வந்தாள். அவன் மொபெட்டில் வந்து, "ஏறிக்கோம்மா" என்று கூப்பிட்டால் உதட்டைப் பிதுக்கினாள்.

சித்திரைக் கடைசியில் முதல் விழா வந்தது. 'ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும் பெருவிழா' என்று கெஸ்ட் ஹவுஸ் உயரத்துக்கு பிளக்ஸ் கட்டினார்கள். அதில் ஆமை கட்டைவிரல் அளவு, சுப்புராயன் ஆள் உயரம். சிறப்பு விருந்தினர் காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தது. குஞ்சுகள் பிளக்ஸைப் படிக்கவில்லை. விடியற்காலையிலேயே மணலைப் பிளந்துகொண்டு தொண்ணூறு குஞ்சு மேலே வந்துவிட்டன. உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுத்த குஞ்சுகள், பிறந்த நொடியிலிருந்து நீந்துகிற மாதிரியே கை காலை அடித்துக்கொண்டிருந்தன.

"இப்பவே வுட்டுடலாங்க. வெயில் வந்தா தாங்காது" என்றாள் பெரியம்மாள்.

"வுட்டுட்டு? வர்ற வி.ஐ.பி. எதப் புடிச்சிக்கினு போட்டோ எடுப்பாரு, உன்னையா?" லூர்துராஜ் அவற்றை அன்னக்கூடையில் அள்ளிப்போட்டு ஈரச்சாக்கால் மூடினான்.

வி.ஐ.பி. பன்னிரண்டரைக்கு வந்தார். அதுவரைக்கும் சாக்குக்கு அடியில் கீறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்து, மெல்லக் குறைந்தது. சாக்கை எடுத்தபோது இருபத்தேழு குஞ்சு அசையவில்லை. உயிருள்ளவற்றை மேலே தள்ளி, செத்தவற்றை அடியில் மறைத்தான் லூர்துராஜ். வந்தவர் ஒன்றை இரண்டு விரலால் துடுப்பைப் பிடித்துத் தூக்கி, "கடிக்குமா?" என்று கேட்டார். கடலில் விட்டார். படம் சரியாக விழவில்லை என்று அதையே அலையிலிருந்து எடுத்துவந்து மறுபடி விட்டார். மூன்றாம் தடவை அவர் மனைவி விட்டார். கை தட்டினார்கள். பொன்னாடை, மைக், வயிறு புடைக்கச் சாப்பாடு. சாப்பாட்டில் வஞ்சிரம் வறுவல் இருந்தது. கடல்வாழ் உயிரினங்களின்மீது அவ்வளவு அன்பு.

சாயங்காலம் செத்த குஞ்சுகளைப் பெரியம்மாள் மணலில் புதைத்துக்கொண்டிருந்தபோது பச்சையம்மாள் வந்து பக்கத்தில் குந்தினாள்.

"நாங்க பசிக்கு முட்டையத் துன்னோம். எங்கள திருடன்னாங்க. உங்க மொதலாளி இன்னாத்துக்குக் கொல்றாரு?"

பெரியம்மாள் அடுத்த குஞ்சுக்கு மணலைப் பறித்தாள். அதன் பிறகு அவளும் பச்சையம்மாளும் தினம் ஒன்றாகத்தான் கரையில் நடந்தார்கள். மழைக்காலம் வருமுன் அவள் மலைக்குத் திரும்பினாள். அடுத்த தை மாதம் யாரும் கூப்பிடாமலே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

இரண்டாவது வருஷம் வந்ததும் முதல் வேலையாக கெஸ்ட் ஹவுஸின் கடல் பக்கத்துப் பல்புகளைக் கழற்றிக் கூடையில் போட்டு மூடிவைத்தாள். தங்கியிருந்த கூட்டம் இருட்டில் பாட்டுப் போட்டு ஆட முடியவில்லை என்று புகார் சொல்லிற்று. சுப்புராயன் போனில் கத்தினார்.

"யாரு பல்பக் கழட்டுனது?"

"நான்தாங்க."

"எதுக்கு?"

"வெளிச்சத்தப் பாத்துக்கினு குஞ்சுங்க கெஸ்ட் ஹவுஸுல ரூம் கேட்டு வருதுங்க. உங்க ஆளுங்க இடம் இல்லேன்றாங்க."

சுப்புராயனுக்கு அது கேலியா வெகுளித்தனமா என்று பிடிபடவில்லை. மலைக்காரிக்குக் கேலி பேச வராது என்று முடிவு செய்துகொண்டு போனை வைத்தார்.

அந்த வருஷத்து விழா இன்னும் பெரிசு. ஏதோ விருதுக்கு சுப்புராயனின் பெயரைச் சிபாரிசு செய்ய வேண்டிய, ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக ஏற்பாடு. மாலை நாலரை மணி. குஞ்சுகள் அன்றும் விடியற்காலையிலேயே வந்தன. லூர்துராஜ் கெஸ்ட் ஹவுஸில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பிக் கேட்கலாமா என்ற நினைப்பே பெரியம்மாளுக்கு வரவில்லை. பச்சையம்மாள் ஒரு கூடை, அவள் ஒரு கூடை. அலை தொடுகிற இடத்துக்கு நாலடி தள்ளி மணலில் இறக்கிவைத்தார்கள். குஞ்சுகள் தாங்களாகவே நடந்து, முதல் அலையில் புரண்டு, இரண்டாவது அலையில் காணாமல் போயின. ஆறு மணிக்குள் நூற்று மூன்று குஞ்சும் போய்விட்டன.

ஏழு மணிக்கு வந்த லூர்துராஜ் காலிக் கூடையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"குஞ்சு எங்கம்மா?"

"கடலுக்குப் போச்சு. அதுக்குத்தான வச்சிருந்தீங்க?"

அவன் கத்தினான், காலால் மணலை உதைத்தான், பிறகு தூரப் போய் யாருக்கோ போன் பேசினான். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது. அப்போதே பெரியம்மாளுக்குச் சந்தேகம்.

மாலை நாலு மணிக்குக் கச்சிராயபாளையம் மில் வேன் வந்து நின்றது. டிரைவர் சணல் சாக்கு ஒன்றை இறக்கினான். லூர்துராஜ் அதை அன்னக்கூடையில் கவிழ்த்தான். பதினோரு ஆமை. கை அகலத்துக்கு ஓடு, விரல் விரலாகக் கால், காலில் நகம். கச்சிராயபாளையத்துக் கோமுகி அணைக்குக் கீழே வாய்க்காலில் கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிறவர்கள் காலில் மிதிபடுகிற சாதாரண ஏரி ஆமை.

அதிகாரி வந்தார். சுப்புராயன் வந்தார். சுப்புராயன் பிறந்து வளர்ந்ததே கோமுகிக் கரையில்தான். கூடையைக் குனிந்து பார்த்தவர், "பரவாயில்லியே, இந்த வருஷம் குஞ்சு நல்லா வளந்திருக்கு" என்றார். தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துக் கடலில் விட்டார். கூட்டம் கை தட்டிற்று. ஏரி ஆமைக்கு அலை என்றால் என்னவென்று தெரியுமா? மல்லாந்தது, புரண்டது, உப்புத் தண்ணீர் பட்டுக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. இரண்டு திரும்பிக் கரைக்கே ஏறிவந்தன. லூர்துராஜ் அவற்றைச் செருப்புக் காலால் மறுபடி தண்ணீருக்குள் தள்ளினான். மேடையில் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. இயற்கை அன்னை, வருங்காலத் தலைமுறை, சுப்புராயனின் ஈர நெஞ்சம்.

இரண்டு வருஷத்தில் பெரியம்மாள் கணுக்காலுக்குமேல் கடலில் நனைந்ததில்லை. நீச்சல் தெரியாது, அலையைக் கண்டால் உள்ளுக்குள் பயம். அதைப் பூமாலைக்குத் தெரியவிடக் கூடாது என்பதற்காக யாரிடமும் சொன்னதில்லை. அன்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். ஓர் அலை முகத்தில் அடித்து அவளைக் கீழே தள்ளிற்று. வாயெல்லாம் உப்பு. பச்சையம்மாள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய் மலைக்காரி, செத்துடுவடி!"

"கைய வுடாம புடிச்சிக்க. அதோ ஒண்ணு மல்லாந்து கெடக்குது பாரு."

இருவருமாகத் துழாவி ஒன்பது ஆமையை எடுத்துவிட்டார்கள். இரண்டு கிடைக்கவில்லை. பெரியம்மாள் மீன்கூடையில் ஆமைகளைப் போட்டுக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட, பந்தலுக்கு நடுவாக நடந்து வந்தாள். பேச்சு நின்றது.

"இன்னா பண்ற நீ?" சுப்புராயன் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"இது ஏரி ஆமைங்க. உப்புல செத்துப்புடும். கோமுகி தண்ணி குடிச்சி வளந்தவரு, நம்மூரு ஆமைய உங்களுக்கு அடையாளம் தெரியலீங்களா?"

 மேடையில் இருந்த பெரிய அதிகாரி எழுந்து வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தார். பெரியம்மாள் ஒரு கணம் அவரை நம்பினாள். படித்தவர், புரிந்துகொள்வார் என்று நினைத்தாள்.

"ஓ, திரும்ப எடுத்துட்டு வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. அப்போ என் முகத்துல நிழல் விழுந்துடுச்சாம். இன்னொரு தடவ விட்டுடலாமா?" என்றார் அவர்.

பெரியம்மாள் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கால்வரை பார்க்கும்படி அவரிடம் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பார்வையை எடுத்துக்கொண்டாள். உதட்டைப் பிதுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்க்க நடந்தாள். "இனிமே இந்தப் பக்கம் வராத!" என்று சுப்புராயன் பின்னாலிருந்து கத்தியது காற்றில் பாதிதான் கேட்டது.

திண்டிவனம், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று மூன்று பஸ் மாறினாள். கூடைமேல் ஈரத்துணி. கள்ளக்குறிச்சி பஸ் கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா அது, கருவாடா?" என்று கேட்டார்.

"ஆம. கடலுக்கு டூர் போயிட்டு வருதுங்க."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் காலை முதல் டவுன் பஸ்ஸில் கச்சிராயபாளையம் போய், அணையின் கரையோரம் கூடையைச் சாய்த்தாள். எட்டு ஆமை தண்ணீரில் இறங்கின. ஒன்பதாவது அசையவில்லை. அதை அங்கேயே ஒரு புங்கமரத்தடியில் புதைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு மலை பஸ் ஏறினாள்.

வீட்டில் பூமாலை, "இன்னா, வேல போச்சா?" என்றான்.

"வேல போவல. வேல குடுத்தவன்தான் போனான்."

சுப்புராயனுக்கு விருது கிடைத்தது. ஏரி ஆமையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் அதிகாரியின் படம் பத்திரிகையில் நாலு பத்திக்கு வந்தது. நகமுள்ள கால் அதில் தெளிவாகத் தெரியும். படம் எடுத்தவனுக்கும் போட்டவனுக்கும் பார்த்தவனுக்கும் அது உறைக்கவில்லை. விருது வந்த பிறகு ஆமைக்கு என்ன வேலை? அடுத்த வருஷம் அறக்கட்டளை சிட்டுக்குருவிக்கு மாறிற்று. மரப்பெட்டியில் சுப்புராயன் படத்தை ஒட்டி வீடு வீடாகக் கொடுத்தார்கள். பொரிப்பகத்தின் வலையை யாரோ காய்கறித் தோட்டத்துக்கு எடுத்துப்போய்விட்டார்கள்.

அந்த வருஷம் தை பிறந்து பத்து நாள் இருக்கும். கரியாலூர் கடைக்காரரின் போனுக்குப் பச்சையம்மாள் கூப்பிட்டாள்.

"தடம் வந்துடுச்சி மலைக்காரி. பிளக்ஸ் கட்டாத எடமா பாத்து, குப்பத்துப் பொம்பளைங்க நாங்களே வல கட்டிக்கினு இருக்கோம். பாரஸ்ட் ஆபீசுல கேட்டுட்டோம், செய்யுங்கன்னுட்டாங்க. குச்சி வச்சிப் பாக்குற ஆளு மட்டும் இல்ல."

"எங்க தங்கறது?"

"என் வூடு இன்னாத்துக்கு இருக்குது?"

பெரியம்மாள் போனாள். அதற்குப் பிறகு எல்லா வருஷமும் போனாள். சித்திரை முடிந்து கத்திரி வெயிலில் திரும்பி வருவாள். அந்தக் கடற்கரையில் இப்போதும் சனி, ஞாயிறுகளில் கூட்டம் வரும். செல்போன் விளக்கை ஆமையின் கண்ணுக்கு நேரே பிடிப்பவர், முதுகில் குழந்தையை உட்காரவைத்துப் படமெடுக்கப் பார்ப்பவர், எவ்வளவு பெரிய மனுஷர் என்று சொல்லி மிரட்டுகிறவர் எல்லாரும் வருவார்கள். அவர்களிடம் பெரியம்மாள் நயமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பேர் என்ன என்று கேட்ட ஒரு டிவி நிருபரிடம், "மொதல்ல லைட்ட அண. பேரு அப்பால சொல்றேன்" என்றாள்.

அவன் அணைத்தான். அவள் பேரைச் சொல்லாமலே குச்சியை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்து போய்விட்டாள். பின்னாலேயே பச்சையம்மாள் கூடையோடு போனாள்.